சங்கிலி வாளுக்குப் பத்து நிமிடம்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூருவில் கோடை மழை இறங்கும்போது, மழையோடு மரங்களும் சாய்வது நமக்கெல்லாம் பழகிப்போன காட்சி. தூங்குமூஞ்சி மரமோ குல்மோகரோ சாலையின் குறுக்கே விழுந்து கிடக்கும். சற்று நேரத்தில் ஆட்கள் வருவார்கள். கையில் ஒரு மிஷின் 'விர்ர்' என்று அலறும். அரை நாள் வேலை அரை மணியில் முடிந்து வழி பிறந்துவிடும். 2016 டிசம்பரில் சென்னையில் வர்தா புயல், 2018 நவம்பரில் டெல்டா மாவட்டங்களில் கஜா புயல், 2020 மே மாதம் கொல்கத்தாவில் ஆம்பன் புயல் என்று அடுத்தடுத்து மரங்கள் சாய்ந்தபோதெல்லாம், சாலைகளைத் திறந்துவிட்டதில் இந்தச் சங்கிலி வாளுக்குப் பெரும் பங்கு உண்டு.

முன்பெல்லாம் வனத்துறையிலும் எஸ்டேட்டுகளிலும் மரக்கடைக்காரர்களிடமும் மட்டுமே இருந்த இந்த மிஷின், இன்று சில ஆயிரம் ரூபாய்க்கு யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய பொருளாகிவிட்டது. நம் சங்கத்து உறுப்பினர்களில் பலருக்கு ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலம் உண்டு. சிலருக்குக் குடகிலும் சிக்மகளூரிலும் காபித் தோட்டம் உண்டு. ஊரில் தென்னந்தோப்பு இருக்கிறவர்களும் உண்டு. சென்ற பொங்கல் விழாவில் சந்தித்த நண்பர் ஒருவர், "மிஷின் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. இப்போது மரத்தை அறுக்கவே மாட்டேன் என்கிறது. வெறும் புகைதான் வருகிறது. கம்பெனி சரியில்லை" என்று குறைப்பட்டுக்கொண்டார். போய்ப் பார்த்தேன். எஞ்சினில் ஒரு பழுதும் இல்லை. செயின் மொட்டை, பாரின் காடியில் மரத்தூள் அடைப்பு, எண்ணெய் வரும் துளை மூடிக் கிடந்தது. கம்பெனியின் மேல் குற்றமே இல்லை.

சிக்மகளூர் மாவட்டத்து எஸ்டேட் பட்டறை ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் இந்த மிஷின்களோடு பழகியவன் என்ற முறையில், இதன் பாரையும் செயினையும் பராமரிப்பது, கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் மாட்டுவது எப்படி என்று எழுத எண்ணினேன். எழுத வேண்டிய கடமையும் எனக்கு இருக்கிறது. அது என்ன கடமை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்று உறுப்பு, ஒரு குடும்பம்

மரத்தை அறுக்கும் வேலையில் மூன்று பொருள்கள் பங்கு கொள்கின்றன. நீண்ட தகடு போன்றது பார். அதன் விளிம்பைச் சுற்றி ஓடும் காடியில் ஓடுவது செயின். எஞ்சின் பக்கத்தில் செயினை இழுத்து ஓட்டும் பற்சக்கரம் ஸ்ப்ராக்கெட்.

செயினை உற்றுப் பார்த்தால் மூன்று வகைக் கண்ணிகள் தெரியும். மேலே வெட்டும் பற்கள். இவை ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறி வரும். கீழே காடிக்குள் இறங்கி ஓடும் ஓட்டுக் கண்ணிகள். இவை இரண்டையும் இணைக்கும் பக்கக் கண்ணிகள். ஓட்டுக் கண்ணியின் அடிப்பாகம் சிறு கொக்கி போல் வளைந்திருக்கும். அந்தக் கொக்கிதான் காடியிலுள்ள தூளைச் சுரண்டி வெளியே தள்ளுகிறது. எண்ணெயையும் பார் முழுவதும் இழுத்துச் செல்கிறது.

இந்தப் பல்லுக்கு ஒரு சுவையான கதை உண்டு. ஆரம்ப காலச் செயின்களின் பற்கள், நம் மரவாளின் பற்களைப் போல மரத்தைச் சுரண்டி எடுப்பவையாகவே இருந்தன. சீக்கிரம் மழுங்கும், தீட்டுவதும் கடினம். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழில் செய்த ஜோசப் காக்ஸ் என்பவர், 1946-ல் ஒரு மரக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டின் புழுவைக் கவனித்தார். அது தலையை இடமும் வலமும் மாற்றி மாற்றி அசைத்து, 'C' வடிவத் தாடைகளால் மரத்தைச் சீவிக்கொண்டே போயிற்று. அதைப் பார்த்து இரும்பில் அவர் செய்ததுதான் இன்று உலகெங்கும் ஓடும் இடம்-வலப் பல். ஒரு புழுவிடம் மனிதன் கற்ற பாடம் என்றே சொல்லலாம்.

பல்லுக்கு முன்னால், அதைவிடச் சற்றுத் தாழ்வாக ஒரு சிறு மேடு இருக்கும். இதைப் பட்டறைகளில் 'டெப்த் கேஜ்' என்பார்கள். பல் ஒரு தடவைக்கு எவ்வளவு மரத்தைச் சீவலாம் என்று கட்டுப்படுத்துவது இந்த மேடுதான். பல்லின் நுனிக்கும் இதற்கும் உள்ள உயர வித்தியாசம் பெரும்பாலான செயின்களில் ஏறத்தாழ 0.65 மி.மீ. தடித்த விசிட்டிங் கார்டு இரண்டை அடுக்கினால் வரும் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிறிய அளவுதான் அறுக்கிறவரின் உயிரைக் காக்கும் அளவு என்பதை மனத்தில் இருத்துங்கள்.

வேகம் எவ்வளவு?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 18 அங்குல பார், 0.325 பிட்ச் செயின், 72 ஓட்டுக் கண்ணிகள், ஏழு பல் ஸ்ப்ராக்கெட் என்று கொள்வோம். ஸ்ப்ராக்கெட் ஒருமுறை சுற்றினால் செயின் ஏறத்தாழ 115 மி.மீ. நகரும். எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்றுகள் சுற்றினால், செயின் ஒரு விநாடியில் 17 மீட்டருக்கு மேல் ஓடும். அதாவது மணிக்கு 62 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் பஸ் போகும் வேகம். செயினின் ஒவ்வொரு பல்லும் ஒரு விநாடியில் பதினான்கு முறைக்கு மேல் பாரைச் சுற்றி வருகிறது.

இரும்பின் மேல் இரும்பு இந்த வேகத்தில் உராயும்போது எண்ணெய் இல்லாவிட்டால் என்ன ஆகும்? சூட்டில் பாரின் விளிம்பு நீலம் பாரிக்கும், செயின் நீளும், ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் தேயும். மூன்றும் ஒரே குடும்பம். ஒன்று கெட்டால் மற்ற இரண்டும் கூடவே கெடும். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினை மாட்டினால், செயின் சில நாட்களிலேயே பாழாகிவிடும். இரண்டு செயின் தேய்ந்ததும் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றிவிடுவது நல்ல வழக்கம். அதன் பல்லில் அரை மி.மீ. ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தால் அதற்கு முன்பேகூட மாற்றிவிட வேண்டும்.

கழற்றுவது

மிஷினை நிறுத்தி ஆறவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். மின்சாரத்தில் ஓடுவதானால் பிளக்கைப் பிடுங்குங்கள். பேட்டரி மிஷினானால் பேட்டரியை எடுத்துத் தனியே வையுங்கள். கையில் தோல் கையுறை கட்டாயம். நின்றுகொண்டிருக்கும் செயினும் கையைக் கிழிக்கும்.

முன் கைப்பிடிக்கு அப்பால் நிற்கும் தடுப்பைப் பின்னுக்கு இழுத்து, செயின் பிரேக்கை விடுவித்த பிறகே பக்க மூடியைத் திறக்க வேண்டும். சில மிஷின்களில் பிரேக் மூடிக்குள்ளேயே அமைந்திருக்கும். பிரேக் பிடித்த நிலையில் மூடியைக் கழற்றினால் திரும்ப உட்காராது. புதிதாக வாங்கியவர்கள் "மூடி மாட்ட முடியவில்லை" என்று மெக்கானிக்கைத் தேடி ஓடுவது பெரும்பாலும் இதனால்தான்.

மிஷினோடு வந்த ஸ்பேனரால் இரண்டு நட்டுகளையும் கழற்றி மூடியை எடுங்கள். செயினை இறுக்கும் திருகைத் தளர்த்துங்கள். செயினை முதலில் பாரின் முனையிலிருந்தும் பிறகு ஸ்ப்ராக்கெட்டிலிருந்தும் எடுத்துவிட்டு, பாரை இழுத்து எடுங்கள்.

சுத்தம் செய்வது

மூடிக்குள்ளும் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றியும் எண்ணெயும் மரத்தூளும் கலந்து களியாக அப்பியிருக்கும். பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் இதைத் துடைத்தெடுங்கள்.

பாரின் காடியை அதன் அகலத்துக்கேற்ற மெல்லிய தகட்டால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுரண்டுங்கள். கைக்கு எதுவும் கிடைக்காவிட்டால் பழைய ஹாக்ஸா பிளேடின் துண்டே போதும். பாரின் பின்பக்கத்தில் சிறு துளை ஒன்று தெரியும். எண்ணெய் காடிக்குள் நுழையும் வாசல் அதுதான். அடைந்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். நண்பரின் மிஷின் புகைந்ததற்கு அந்தச் சிறு துளையே காரணம்.

பாரின் முனையிலுள்ள சிறு சக்கரம் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். சில பார்களில் அதற்குக் கிரீஸ் வைக்கத் தனித்துளை இருக்கும். இருந்தால் ஒவ்வொரு முறையும் கிரீஸ் அடியுங்கள்.

செயினைச் சிறிது நேரம் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிட்டு, பிறகு செயின் எண்ணெயில் போட்டு எடுங்கள். புதுச் செயினானாலும் மாட்டுவதற்கு முன் எண்ணெயில் ஊறவைப்பது நல்லது. ரிவெட்டுகளின் இடுக்குகளில் எண்ணெய் இறங்கும்.

பாரைச் சோதிப்பது

காடியின் இரு விளிம்புகளிலும் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கூரிய பிசிறு தட்டினால் தட்டை அரத்தால் அதை ராவிவிடுங்கள். பாரைச் சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரு விளிம்பு தாழ்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தால், அறுக்கும்போதும் வாள் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும்.

காடி அகன்று போயிற்றா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. செயினை மாட்டிய பிறகு பாரின் பக்கத்தில் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, அது பல்லையும் தொடும்படிப் பிடியுங்கள். பாருக்கும் சட்டத்துக்கும் இடையே சிறு இடைவெளி தெரிந்தால் பார் நல்ல நிலையில் இருக்கிறது. இடைவெளியே இல்லாமல் செயின் சாய்ந்து படுத்தால் காடி அகன்றுவிட்டது. ஓட்டுக் கண்ணியின் நுனி காடியின் அடியைத் தொட்டாலும் பார் முடிந்தது என்றே கொள்ள வேண்டும். அந்தப் பாரில் புதுச் செயின் போடுவது வீண் செலவு.

அறுக்கும்போது அழுத்தம் பெரும்பாலும் பாரின் அடி விளிம்பில்தான் விழுகிறது. ஆகவே ஒவ்வொரு முறை செயினைத் தீட்டும்போதும் மாற்றும்போதும் பாரை மேல்கீழாகத் திருப்பி மாட்டுங்கள். எழுத்து தலைகீழாகத் தெரிகிறதே என்று தயங்க வேண்டாம். இரு விளிம்புகளும் சமமாகத் தேய்ந்து பாரின் ஆயுள் கூடும்.

தீட்டுவது

மரத்திலிருந்து சில்லு சில்லாகச் சீவல் விழுந்தால் பல் கூர்மையாக இருக்கிறது. மாவு போலத் தூள் விழுந்தால் மழுங்கிவிட்டது. இதைவிடத் தெளிவான சோதனை வேறில்லை. மண்ணில் கிடக்கும் கட்டையை அறுக்கும்போது வாள் ஒரு நொடி தரையைத் தொட்டாலே போதும், அதுவரை தீட்டியதெல்லாம் போயிற்று. தென்னையின் வெளிப்பகுதியும் மிகக் கடினமானது. அதை அறுப்பவர்கள் அடிக்கடி தீட்ட வேண்டும்.

தீட்டுவதற்குச் செயினுக்கு ஏற்ற உருட்டு அரம் வேண்டும். 0.325 பிட்ச் செயினுக்கு 4.8 மி.மீ. அரம். சிறிய மிஷின்களில் வரும் தாழ்ந்த வகை 3/8 செயினுக்குப் பொதுவாக 4 மி.மீ. அரம். செயின் வந்த பெட்டியின் மேல் அரத்தின் அளவும், தீட்ட வேண்டிய கோணமும் அச்சிட்டிருப்பார்கள். கோணம் பெரும்பாலும் 30 பாகை, சிலவற்றுக்கு 25.

பாரை வைஸில் பிடித்துக்கொள்ளுங்கள். காட்டில் இருந்தால் ஒரு கட்டையில் வெட்டு வாய் போட்டு அதில் பாரைச் செருகிக்கொள்ளலாம். செயினில் மிகக் குட்டையான பல் எதுவென்று முதலில் கண்டுபிடியுங்கள். மற்றவற்றை அதன் நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். அரத்தைப் பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மட்டுமே தள்ளுங்கள். திரும்ப இழுக்கும்போது தொடக்கூடாது. அரத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேற்பரப்புக்கு மேலே தெரிய வேண்டும். இரண்டு அல்லது மூன்று தள்ளல் போதும். எண்ணிக்கை எல்லாப் பல்லுக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு பக்கப் பற்களை முழுவதும் முடித்துவிட்டு, மிஷினின் மறுபக்கம் வந்து மீதிப் பற்களைத் தீட்டுங்கள். ஒரு பக்கப் பற்கள் நீண்டும் மறுபக்கப் பற்கள் குட்டையாகவும் போனால் வாள் நேராக இறங்காது. வளைந்து வளைந்து போகும்.

பல் தேயத் தேய அதன் உயரமும் குறைகிறது. அதனால் சில முறை தீட்டிய பிறகு டெப்த் கேஜையும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இதைக் கண்ணால் மதிப்பிட்டுச் செய்யவே கூடாது. இதற்கென்றே விலை மலிவாக ஓர் அளவுத் தகடு கிடைக்கிறது. அதைச் செயின்மேல் வைத்து, துளைக்கு மேல் துருத்தும் அளவை மட்டும் தட்டை அரத்தால் ராவி, முன்முனையை உருட்டிவிட வேண்டும். பல்லின் மேல்தகடு 4 மி.மீ. அளவுக்குக் குறுகியதும் செயினை மாற்றிவிடுங்கள். பல செயின்களில் இதற்கு ஒரு கோட்டுக்குறியே போட்டிருப்பார்கள்.

அந்த ஒரு நாள்

இப்போது நான் தள்ளிப்போட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

அது ஒரு ஜூலை மாதம். மலைநாட்டில் மழைக்காலம் எப்படி என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு நாள் காற்றில் எஸ்டேட் சாலையின் குறுக்கே ஒரு பெரிய சில்வர் ஓக் விழுந்துவிட்டது. லாரி நிற்கிறது, மேலிடத்திலிருந்து அவசரம். மரம் அறுப்பதில் கைதேர்ந்த தருமபுரிப் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் மிஷினை எடுக்கப் பட்டறைக்கு வந்தார். செயினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, பல்லு மொட்டையா இருக்கே, மாத்திக் குடுங்க" என்றார். "இந்த ஒரு மரத்தை முடிச்சிட்டு வாப்பா, சாயங்காலம் தீட்டித் தர்றேன்" என்று சொல்லி அனுப்பியவன் நான்தான்.

மொட்டை வாள் தானாக இறங்காது, அழுத்தினால்தான் இறங்கும். அவர் அழுத்தினார். வாளின் முனை, இலைகளுக்குள் மறைந்திருந்த ஒரு கிளையில் பட்டது. முனையின் மேற்பாதி மரத்தில் பட்டால், ஓடும் செயின் மரத்தைக் கவ்வி, வாளை அப்படியே மேலும் பின்னுமாக அறுக்கிறவரை நோக்கி எறியும். இதைப் 'பின்னுதை' என்று சொல்லலாம். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். வாள் அவருடைய இடது தோளில் பாய்ந்தது. ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் தப்பினார். ஆனால் அந்தக் கை அதன்பின் தோளுக்கு மேல் எழவில்லை. அடுத்த ஆண்டே குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார்.

அன்றிரவு அந்தச் செயினைக் கழற்றி விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பற்கள் மழுங்கியிருந்தன. அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. டெப்த் கேஜ்கள் அளவுக்கு மீறித் தாழ்ந்திருந்தன. இரண்டு வாரம் முன்பு, 'வேகமாக அறுக்கட்டும்' என்று அளவுத் தகடு இல்லாமல் குத்துமதிப்பாக அவற்றை ராவியதும் நானேதான். மேடு தாழ்ந்தால் பல் மரத்தை ஆழமாகக் கவ்வும். பின்னுதையின் வேகமும் கூடும். மழுங்கிய பல், தாழ்ந்த மேடு, அவசரம். மூன்றும் சேர்ந்தன. பத்து நிமிடம் செலவழித்து வேறு செயினை மாட்டிக் கொடுத்திருந்தால் அந்தக் கை பிழைத்திருக்கும். இதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

சரியான செயினை வாங்குவது

கடைக்குப் போய் "18 இஞ்ச் செயின் கொடுங்கள்" என்றால் போதாது. ஒரே நீளப் பாருக்கும் கம்பெனிக்குக் கம்பெனி செயின் மாறும். மூன்று அளவுகள் பொருந்த வேண்டும். முதலாவது பிட்ச். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதன் நடு வரை அளந்து பாதியாக்கினால் வருவது அது. இரண்டாவது ஓட்டுக் கண்ணியின் கனம், 1.3, 1.5, 1.6 மி.மீ. ஆகியவை பரவலாகக் காணப்படுபவை. கனம் குறைந்தால் செயின் காடியில் ஆடும்; கூடினால் நுழையாது. மூன்றாவது ஓட்டுக் கண்ணிகளின் எண்ணிக்கை. இந்த மூன்றும் பெரும்பாலும் பாரின் பின்பக்கத்தில் பொறித்திருக்கும். தேய்ந்து மறைவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் மாட்டுவது

1. பாரைத் திருப்பி, மிஷினின் திருகாணிகளில் உட்காரவைத்து, ஸ்ப்ராக்கெட் பக்கமாகத் தள்ளுங்கள். இறுக்கும் திருகோடு சேர்ந்த சிறு முளை, பாரிலுள்ள துளைக்குள் சரியாக இறங்க வேண்டும்.

2. செயினை முதலில் ஸ்ப்ராக்கெட்டில் மாட்டி, பாரின் மேல் காடி வழியாகக் கொண்டுபோய், முனையைச் சுற்றி, அடிக்காடியில் இறக்குங்கள். பாரின் மேற்பக்கத்திலுள்ள பற்களின் வெட்டும் வாய் முனையை நோக்கி, அதாவது உங்களை விட்டு அப்பால், பார்த்திருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் எவ்வளவு புதிய செயினும் மரத்தைத் தடவிக்கொடுக்கும், அறுக்காது.

3. மூடியை வைத்து நட்டுகளைக் கையால் மட்டும் முடுக்குங்கள்.

4. பாரின் முனையை மேலே தூக்கிப் பிடியுங்கள். தூக்கிய நிலையிலேயே இறுக்கும் திருகைத் திருப்புங்கள். கீழே தொங்கும் செயின் பாரின் அடி விளிம்பைத் தொட்டதும் நிறுத்துங்கள். முனையைத் தூக்கியபடியே நட்டுகளை ஸ்பேனரால் இறுக்குங்கள்.

5. கையுறை அணிந்த கையால் செயினை முனைப்பக்கமாக இழுத்துப் பாருங்கள். பாரோடு ஒட்டியும் இருக்க வேண்டும். தடையில்லாமல் நகரவும் வேண்டும். நகராவிட்டால் இறுக்கம் அதிகம், தொங்கினால் குறைவு. தளர்ந்த செயின் ஓட்டத்தில் கழன்று வந்து தாக்கும்.

6. எண்ணெயும் பெட்ரோலும் நிரப்பி மிஷினை இயக்குங்கள். ஒரு வெளிறிய கட்டைக்கோ பழைய செய்தித்தாளுக்கோ மேலே, அதைத் தொடாமல் முனையைப் பிடித்து வேகம் கொடுத்தால் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். கோடு விழாவிட்டால் அறுக்கத் தொடங்காதீர்கள்.

7. செயின் பிரேக்கை ஒருமுறை போட்டுப் பார்த்து, செயின் உடனே நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

புதுச் செயின் முதல் சில நிமிடங்களிலேயே சற்று நீளும். ஆகையால் இரண்டு மூன்று நிமிடம் ஓட்டியபின் நிறுத்தி, ஆறவிட்டு, மீண்டும் இறுக்கத்தைப் பாருங்கள். நீண்ட நேரம் அறுத்துச் சூடேறிய செயின் தொங்கினால் சற்று இறுக்கலாம். ஆனால் வேலை முடிந்ததும் தளர்த்திவிட மறக்கக் கூடாது. ஆறும்போது அது சுருங்கி எஞ்சினின் தண்டையும் பேரிங்கையும் பாதிக்கும்.

எண்ணெயில் சிக்கனம் வேண்டாம்

எஸ்டேட்டுகளில் லாரியிலும் ஜீப்பிலும் வடித்த கழிவு எண்ணெயைச் செயினுக்கு ஊற்றும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நானும் ஊற்றியவன்தான். அதில் இரும்புத் துகளும் கசடும் கலந்திருக்கும். பம்பையும் பாரையும் தின்றுவிடும். தெறித்துப் படும்போது அறுக்கிறவரின் தோலுக்கும் கேடு. செயினுக்கென்று விற்கும் எண்ணெய் பிசுபிசுப்பானது. முனையில் செயின் திரும்பும்போது சிதறிப் போகாமல் ஒட்டி நிற்கும். பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் எண்ணெயையும் நிரப்புவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் தீர்ந்தும் எண்ணெய் நிறைய மீந்திருந்தால் துளை அடைத்திருக்கிறது என்று பொருள்.

நிலத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

நம்மில் பலர் மிஷினை வாங்கிக் கொடுப்பவர்கள், அறுப்பவர் வேறொருவர். நாள் கூலிக்கோ, டன் கணக்குக்கோ வேலை செய்பவருக்கு, உட்கார்ந்து அரம் போடும் நேரம் கூலி குறையும் நேரமாகத் தோன்றும். "என்னப்பா, உட்கார்ந்துட்டே" என்று நாம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், அவர் மொட்டைச் செயினோடு எழுந்து போய்விடுவார். எனக்கு அது நடந்தது. உங்களுக்கு நடக்க வேண்டாம்.

ஆகவே மிஷின் வாங்கும்போதே கூடுதலாக ஒரு செயின், ஏற்ற அளவில் இரண்டு உருட்டு அரம், ஒரு தட்டை அரம், டெப்த் கேஜுக்கான அளவுத் தகடு, ஒரு கேன் செயின் எண்ணெய் இவற்றையும் சேர்த்து வாங்குங்கள். முகமூடியுள்ள ஹெல்மெட், காதுக் கவசம், கால் கவசம், கெட்டியான பூட்ஸ் ஆகியவற்றை வாங்கிக் கொடுங்கள். லுங்கியும் தோளில் துண்டுமாக யாரும் இந்த மிஷினைத் தொட விடாதீர்கள். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் இறுக்கம் பார்த்து, பல்லுக்கு இரண்டு தள்ளல் தீட்டச் சொல்லுங்கள். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தையும் கூலி நேரமாகவே கணக்கில் எழுதுங்கள்.

பட்டறையில் இருந்த கடைசி ஆண்டுகளில், மிஷின் வைக்கும் அலமாரிக் கதவில் ஓர் அட்டையை ஒட்டி வைத்திருந்தேன். 'மொட்டைச் செயினோடு மிஷினை வெளியே அனுப்பாதே' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருந்தேன். படித்தவர்கள் அது தொழிலாளிகளுக்கு எழுதியது என்று நினைத்தார்கள். மிஷினை எடுத்துக் கொடுப்பவன் நான். அது எனக்கு நானே எழுதிக்கொண்டது.